புரோக்கரேஜ் இல்லை, கணிப்பும் சரி... அப்புறம் ஏன் பணம் கரைகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. ஒன்றரை வருடமாக மொபைல் ஆப்பில் பங்குகளில் இன்ட்ராடே (வாங்கியதை அன்றே விற்பது) செய்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வாங்கி விற்பேன், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடுவேன். என் புரோக்கர் கமிஷன் எதுவும் வாங்குவதில்லை. நூற்றுக்கு ஐம்பத்தைந்து தடவை என் கணிப்பு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் கணக்கில் பணம் குறைந்துகொண்டே போகிறது. சந்தை ஆட்டம் காணும் நாளில் திரையில் ஒரு விலை தெரிகிறது, எனக்குக் கிடைப்பது வேறு விலை. கம்ப்யூட்டர்கள்தான் நம் பணத்தை உருவுகின்றன என்கிறார் நண்பர். வேகமான மென்பொருள் வாங்கினால் சரியாகுமா? ஏற்ற இறக்கம் அதிகமுள்ள நாட்களில் மட்டும் இறங்கினால் லாபம் வருமா? ஒவ்வொரு டிரேடுக்கும் வரி போட்டால் இந்த ஆட்டம் அடங்கும் என்று படித்தேன், அது உண்மையா?

பதில்: வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் வாங்க வேண்டாம், ஆட்டம் காணும் நாட்களைத் தேடிப் போகவும் வேண்டாம். பெரிய நிறுவனங்களுக்காக ஆர்டர் நிறைவேற்றும் டெஸ்கில் உட்கார்ந்து, வாங்கும்போதும் விற்கும்போதும் எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததுமே எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டது. உங்கள் கணிப்பு மோசமில்லை, ஐம்பத்தைந்து என்பது நல்ல எண். ஆனால் நீங்கள் பிடிக்கப் பார்க்கும் அசைவு, அதைப் பிடிக்க ஆகும் செலவைவிடச் சின்னது.

கமிஷன் இல்லை என்றால் செலவே இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பங்கை 99.95க்கு வாங்க ஒருவர் காத்திருக்கிறார், 100.05க்கு விற்க இன்னொருவர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவசரமாக வாங்கினால் 100.05 கொடுக்கிறீர்கள், அடுத்த நொடியே மனம் மாறி விற்றால் 99.95தான் கிடைக்கும். விலை இம்மியும் நகரவில்லை, ஆனால் உங்களிடமிருந்து 0.10 போய்விட்டது. இந்த இடைவெளிதான் ஸ்ப்ரெட். காத்திருக்க விரும்பாதவர், காத்திருப்பவருக்குக் கொடுக்கும் கூலி அது. புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில் இதற்கென்று தனிப் பதிவு இருக்காது, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவில் 2019 அக்டோபரில் பெரிய புரோக்கர்கள் வரிசையாகக் கமிஷனைப் பூஜ்யமாக்கினார்களே, அவர்களில் பலருக்கு வாடிக்கையாளரின் ஆர்டரை வாங்கி நிறைவேற்றும் நிறுவனங்களிடமிருந்து பணம் வருகிறது. அந்த நிறுவனங்கள் சம்பாதிப்பது இதே ஸ்ப்ரெட்டில்தான்.

இப்போது உங்கள் ஐம்பத்தைந்தை எடுத்துக்கொள்வோம். சரியாகக் கணித்தால் 0.3 சதவீதம் லாபம், தவறினால் 0.3 சதவீதம் நஷ்டம் என்று வைப்போம், சில நிமிட டிரேடுக்கு இதுவே தாராளம். நூறு டிரேடில் 55 தடவை வந்ததில் 45 தடவை போனதைக் கழித்தால், சராசரியாக ஒரு டிரேடுக்கு 0.03 சதவீதம் மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு டிரேடுக்கும் ஸ்ப்ரெட்டாக 0.10 சதவீதம் கொடுக்கிறீர்கள். ஆக டிரேடுக்கு 0.07 சதவீதம் நஷ்டம். இந்தக் கணக்கில் கையைக் கடிக்காமல் இருக்கவே மூன்றில் இரண்டு தடவை சரியாகக் கணித்தாக வேண்டும், அப்படித் தொடர்ந்து கணிப்பவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம். இன்னொரு பக்கமாகப் பார்த்தால், மூலதனம் முழுவதையும் போட்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாங்கி விற்றால் நாளொன்றுக்கு 0.2 சதவீதம், வருடத்துக்கு 250 வர்த்தக நாள் என்றால் மொத்தம் 50 சதவீதம். உங்கள் மூலதனத்தில் பாதி அளவு பணம், சந்தை ஏறினாலும் இறங்கினாலும், வருடா வருடம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூலிக்கே போகிறது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவில் ஒரு புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு வருடத்துக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9 சதவீதம். அவர்கள் தேர்ந்தெடுத்த பங்குகள் மோசம் என்று சொல்லிவிட முடியாது. செலவைக் கழிப்பதற்கு முன் பார்த்தால் அதிகம் டிரேட் செய்தவருக்கும் குறைவாகச் செய்தவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

அடுத்து, ஒரு நிமிட சார்ட்டை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் எல்லோரிடமும் நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. அந்தச் சார்ட்டில் மேலும் கீழுமாகப் பல் பல்லாகத் தெரிகிறதே, அதில் கணிசமான பகுதி உண்மையான விலை மாற்றமே கிடையாது. ஒருவர் அவசரமாக வாங்கினால் 100.05 என்று பதிவாகும், அடுத்தவர் அவசரமாக விற்றால் 99.95 என்று பதிவாகும், மறுபடி ஒருவர் வாங்கினால் 100.05. பங்கின் மதிப்பு அசையாமல் 100லேயே இருக்க, கடைசி விலை மட்டும் இரண்டு சுவருக்கும் நடுவே மோதித் திரும்பிக்கொண்டிருக்கிறது. நிதித்துறைப் பேராசிரியர் ரிச்சர்ட் ரோல் 1984இல் இந்த மோதலை வைத்தே, வெறும் விலைப் பட்டியலிலிருந்து ஸ்ப்ரெட்டை மதிப்பிட ஒரு வழி சொன்னார். 'கீழே தட்டியது, மேலே வரும்' என்று நீங்கள் பார்த்து வாங்குகிறீர்களே, அதில் பல தடவை நீங்கள் பார்ப்பது நீங்களே கொடுக்கப்போகும் ஸ்ப்ரெட்டைத்தான். 99.95 என்ற கடைசி விலையைப் பார்த்து வாங்கப் போனால் உங்களுக்குக் கிடைப்பது 100.05, திரையில் கடைசி விலை 99.95இலிருந்து 100.05 வரை 'ஏறினாலும்' உங்களுக்குப் பைசா வரப்போவதில்லை.

சரி, எவ்வளவு நேரம் வைத்திருந்தால் இந்தச் செலவைத் தாண்ட முடியும்? விலையின் ஏற்ற இறக்கம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளர்கிறது. அதாவது நான்கு மடங்கு நேரம் வைத்திருந்தால் அசைவு சுமாராக இரண்டு மடங்குதான் ஆகும். ஒரு பங்கு வழக்கமாக நாளொன்றுக்கு 1.5 சதவீதம் அசையும், சந்தை ஆறரை மணி நேரம், அதாவது 390 நிமிடம் நடக்கும் என்று வைத்தால், 390இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 20. ஆக ஒரு நிமிடத்தின் உண்மையான அசைவு 0.075 சதவீதம். ஸ்ப்ரெட்டோ 0.10 சதவீதம்! நிமிடக் கணக்கில் டிரேட் செய்தால், திசையைச் சரியாகச் சொன்னால்கூடக் கைக்கு வருவது செலவுக்குப் போதாது. ஒரு மணி நேரம் வைத்திருந்தால் அசைவு சுமார் 0.6 சதவீதம், செலவு அதில் ஆறில் ஒரு பங்கு. ஒரு மாதம் வைத்திருந்தால் ஏறக்குறைய 7 சதவீதம், அப்போது அதே 0.10 எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கணிப்புத் திறமை அதேதான், புரோக்கரும் அதேதான், வைத்திருக்கும் நேரம் மட்டும்தான் மாறியது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான்: செலவைத் தனியாக ஒரு எண்ணாகப் பார்க்காதீர்கள், நீங்கள் வைத்திருக்கும் நேரத்தில் அந்தப் பங்கு எவ்வளவு அசையும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'அப்படியானால் அசைவு பெரிதாக இருக்கும் நாளில் மட்டும் இறங்கினால் செலவைத் தாண்டிவிடலாமே' என்பது உங்கள் அடுத்த கேள்வி, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் ஸ்ப்ரெட் 0.10லேயே நிற்காது. எதிர்ப் பக்கத்தில் விலை போட்டுக் காத்திருப்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் 100.05க்கு விற்பதாகப் போட்டு வைத்திருக்கும்போது ஒரு செய்தி வருகிறது, பங்கின் மதிப்பு 100.60 ஆகிவிடுகிறது, அவர் ஆர்டரை எடுப்பதற்குள் யாரோ ஒருவர் 100.05க்கே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இந்தப் பயம் அவருக்கு எப்போதும் உண்டு. கையில் வாங்கி வைத்த சரக்கு விற்பதற்குள் விலை இறங்கிவிடுமோ என்ற பயமும் உண்டு. ஏற்ற இறக்கம் கூடினால் இந்த இரண்டு பயமும் சேர்ந்து கூடும். அதனால் இடைவெளியை அகலமாக்குவார், போட்டு வைக்கும் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்வார். இது சூழ்ச்சி இல்லை, அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்வீர்கள்.

ஆர்டர் புக்கை, அதாவது எந்த விலைக்கு எத்தனை பங்கு காத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரியும். அமைதியான நாளில் விற்பவர் பக்கத்தில் 100.05க்கு 200 பங்கு, 100.08க்கு 300, 100.15க்கு 500 என்று இருந்தால், 1,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கு என்ற ஆர்டர்) போட்டால் சராசரியாக 100.11 ஆகும். திரையில் பார்த்தது 100.05, ஆறு பைசா கூட, பரவாயில்லை. ஆட்டம் காணும் நாளில் அதே பக்கத்தில் 100.30க்கு 100, 100.60க்கு 200, 101.20க்கு 700 என்று இருக்கும். அதே ஆர்டருக்கு 100.99 ஆகிவிடும். நடுவிலை அன்றும் 100தான், ஆனால் வாங்கியதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விட்டது, விற்கும்போது இன்னொரு சதவீதம் போகும். 'திரையில் ஒரு விலை, கிடைத்தது வேறு விலை' என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான். திரையில் தெரியும் விலை முதல் 100 பங்குக்கு மட்டும்தான். உங்கள் கணக்கில் அசைவு இரண்டு மடங்காகும்போது செலவு பத்து மடங்காகக்கூட ஆகலாம், அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே ஓடும் தருணத்தில்தான் ஆகும்.

இது இத்தோடு நிற்பதும் இல்லை. புக் மெலிந்துவிட்டால் சின்ன ஆர்டர்கூட விலையைத் தள்ளும், விலை தள்ளப்பட்டால் ஏற்ற இறக்கம் கூடும், அது கூடினால் காத்திருப்பவர்கள் இன்னும் பின்வாங்குவார்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010 மே 6 நல்ல உதாரணம். அன்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஈ-மினி என்ற குறியீட்டு ஃபியூச்சரில் (பங்குக் குறியீட்டைப் பின்னாளில் ஒரு விலைக்கு வாங்கவோ விற்கவோ செய்யும் ஒப்பந்தம்) 75,000 ஒப்பந்தங்களை, சுமார் 410 கோடி டாலர் மதிப்புக்கு, விற்கும்படி ஒரு கம்ப்யூட்டர் நிரலை ஓடவிட்டது. முந்தைய நிமிடத்தின் வால்யூமில் (கைமாறிய எண்ணிக்கையில்) 9 சதவீதம் என்ற வேகத்தில் விற்க வேண்டும், விலையையோ நேரத்தையோ பார்க்க வேண்டாம் என்பதுதான் அந்த நிரலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதை வாங்கிய, கம்ப்யூட்டரால் மின்னல் வேகத்தில் வாங்கி விற்கும் அதிவேக நிறுவனங்கள் கையில் வைத்துக்கொள்ள விரும்பாமல் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டன. பிற்பகல் 2:45:13 முதல் 2:45:27 வரை, வெறும் 14 வினாடியில், அவர்கள் 27,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களைக் கைமாற்றினார்கள். ஆனால் நிகரமாக வாங்கியது சுமார் 200 ஒப்பந்தம்தான். வால்யூம் கூடியதைப் பார்த்து அந்த நிரல் இன்னும் வேகமாக விற்றது. கொஞ்ச நேரத்தில் தனிப் பங்குகளிலும் வாங்க ஆளில்லாமல் போய், சில பங்குகள் ஒரு சென்ட்டுக்கும், சில 1,00,000 டாலருக்கும் கைமாறின. பிறகு 20,000க்கும் மேற்பட்ட டிரேடுகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. வால்யூம் அதிகமாக இருந்தால் சுலபமாக வெளியே வரலாம் என்று நம்புபவர்கள் அந்த 14 வினாடியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் ஸ்டாப் லாஸ் (விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர்) போடுகிறீர்களா என்று எழுதவில்லை, ஆனால் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரண ஸ்டாப் லாஸ் தூண்டப்பட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும், அதாவது மெலிந்துபோன புக்கில், எந்த விலைக்கும் சம்மதம் என்று போய் நிற்கும். 2015 ஆகஸ்ட் 24 காலையில் அமெரிக்கச் சந்தை திறந்தபோது இதுதான் நடந்தது. பல ஈடிஎஃப்கள் (பல பங்குகளை ஒரு கூடையாகச் சேர்த்து, ஒரு பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கப்படும் நிதிகள்) தங்களுக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட வெகு கீழே விற்கப்பட்டன, அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தனித்தனிப் பங்குகளிலும் ஈடிஎஃப்களிலும் வர்த்தகம் நிறுத்தி வைக்கப்பட்டது, அடிமட்ட விலைக்கு விற்றவர்களில் ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு 2016 பிப்ரவரியில் நியூயார்க் பங்குச் சந்தை ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது. ஸ்டாப் போடுவதாக இருந்தால், இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று எல்லை வைக்கும் ஸ்டாப் லிமிட்டாகப் போடுங்கள், நிறைவேறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. லண்டன் பங்குச் சந்தையின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்வந்த ஆர்டர் தகவல்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், இன்னும் மாற்றப்படாமல் நிற்கும் பழைய விலையை யார் முதலில் பிடிப்பது என்ற ஓட்டப்பந்தயங்கள் நாள் முழுக்க நடப்பதும், அவை ஒரு வினாடியின் மிகச் சிறு பங்குக்குள் முடிந்துவிடுவதும் தெரிந்தது. அதனால் மற்றவர்களுக்கு ஆகும் கூடுதல் செலவு சுமார் 0.005 சதவீதம். சந்தை முழுவதற்கும் கூட்டினால் பெரிய தொகை, அதைக் குறைக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் உங்கள் 0.10 சதவீதத்துக்கு முன்னால் அது இருபதில் ஒரு பங்கு. எந்த மென்பொருள் வாங்கினாலும் அந்தப் பந்தயத்தில் நீங்கள் ஓட முடியாது, ஓடி ஜெயித்தாலும் மிச்சமாவது அவ்வளவுதான். அப்புறம், அமெரிக்காவில் 1997 வரை பங்கு விலை எட்டில் ஒரு டாலர் படிகளில்தான் நகர்ந்தது, பிறகு பதினாறில் ஒன்றானது, 2001இல்தான் ஒரு சென்ட்டுக்கு வந்தது. பெரிய பங்குகளில் இன்று ஸ்ப்ரெட் இவ்வளவு குறுகியிருப்பதற்கு அந்தக் கம்ப்யூட்டர்களின் போட்டியும் ஒரு காரணம். அமைதியான நாளில் நம் செலவைக் குறைத்தவர்களும் அவர்கள்தான், புயல் நாளில் முதலில் விலகுபவர்களும் அவர்கள்தான்.

வரி பற்றிக் கேட்டீர்கள். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1972இல் நாணயச் சந்தைக்கு இப்படி ஒரு யோசனை சொன்னதிலிருந்து இந்த விவாதம் ஓய்ந்ததே இல்லை. சுவீடன் 1984இல் பங்கு வாங்குவதற்கும் விற்பதற்கும் தலா 0.5 சதவீதம் வரி போட்டது, 1986இல் அதை இரட்டிப்பாக்கியது. விளைவாக வர்த்தகத்தில் பெரும்பகுதி லண்டனுக்குப் போனது, ஏற்ற இறக்கம் குறைந்ததாகவும் தெரியவில்லை, 1991இல் வரியை எடுத்துவிட்டார்கள். வரி போட்டால் அவசரக்காரர்கள் மட்டும் விலக மாட்டார்கள், விலை போட்டுக் காத்திருப்பவர்களும் விலகுவார்கள், புக் மெலியும். அதனால் ஆட்டம் அடங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மார்க்கெட் ஆர்டரை விட்டுவிட்டு, இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன், இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று எல்லை சொல்லும் லிமிட் ஆர்டருக்கு மாறுங்கள். இதுவும் இலவசம் இல்லை. 99.95இல் போட்டுக் காத்திருந்தால், விலை ஏறும்போது உங்களை விட்டுவிட்டுப் போய்விடும், சரியும்போது மட்டும் தவறாமல் உங்கள் கைக்கு வரும், இந்தத் தேர்வு எப்போதும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். அவசரமாக வாங்கியே ஆக வேண்டும் என்றாலும்கூட 100.08க்கு மேல் வேண்டாம் என்று ஒரு எல்லை வைத்து ஆர்டர் போடுங்கள், 101.20க்கு ஏறிப்போய் வாங்கும் விபத்தாவது நடக்காது. சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிர்த்துவிடுங்கள், ஸ்ப்ரெட் பெரும்பாலும் அப்போதுதான் அகலம். நிறுவனங்களின் நிதி முடிவுகள், வட்டி விகித அறிவிப்பு வரும் நேரமும் அப்படியே.

வால்யூம் குறைந்த சின்னப் பங்குகளில் இறங்குவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். உங்கள் ஆர்டர் அந்தப் பங்கின் ஒரு நாள் வால்யூமில் 1 சதவீதம் என்றால், அது விலையைத் தள்ளும் அளவு ஏறக்குறைய நாளின் அசைவில் பத்தில் ஒரு பங்கு. நாளுக்கு 4 சதவீதம் அசையும் பங்கில் அது 0.4 சதவீதம், ஸ்ப்ரெட் இதற்கு மேல் தனி. ஒரே ஆர்டராகப் போடாமல் நாள் முழுக்கப் பிரித்துப் போட்டால் கொஞ்சம் குறையும்.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்கள். ஆர்டர் போட முடிவெடுத்த அந்த நொடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலை என்ன, உங்களுக்குக் கிடைத்த விலை என்ன, எத்தனை பங்கு, இந்த மூன்றையும் எழுதுங்கள். நிறைவேறாமல் போன ஆர்டரையும் விடாமல் எழுதுங்கள், விட்டுப்போன லாபமும் செலவுதான். நிதித்துறைப் பேராசிரியர் ஆண்ட்ரே பெரோல்ட் 1988இல் சொன்ன முறை இது, பெரிய நிதிகள் இன்றும் இப்படித்தான் அளக்கின்றன. ஒரு மாதம் அப்படி எழுதி, சராசரிச் செலவை உங்கள் சராசரி லாபத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவு லாபத்தில் பாதியைத் தாண்டினால் டிரேடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் நிமிடங்களுக்குப் பதில் நாட்கணக்கில் வைத்திருக்கப் பாருங்கள். அதுவரை புதிதாகப் பணம் போட வேண்டாம். அந்த மாதக் கணக்கை எனக்கு அனுப்பினால், எந்தெந்த டிரேடை விட்டிருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.